தபால்ல வந்த குஞ்சுங்க

விடிஞ்சும் விடியாம போஸ்ட் ஆபீஸ்லேருந்து போன்.
"உங்க பெட்டி கத்திக்கிட்டே இருக்கு, வந்து எடுத்துக்கோங்க."

சுத்தி ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. உள்ள பேண்டம்ங்கற குட்டை ரகக் கோழிக்குஞ்சுங்க. ஒவ்வொண்ணும் எலுமிச்சம்பழம் அளவுதான்.

அமெரிக்காவுல 1918-லேருந்தே கோழிக்குஞ்சு தபால்ல போகுது. பொரியறதுக்கு முன்னாடி குஞ்சு மிச்ச மஞ்சள் கருவை வயித்துக்குள்ள இழுத்துக்கும். அதை வச்சே ரெண்டு மூணு நாள் தாங்கும்.

வந்ததும் தீனி இல்லைங்க, தண்ணி.
ஒவ்வொண்ணா எடுத்து அலகை நனைச்சு விட்டேன். சில்க்கி ரகக் குஞ்சு ஒண்ணு, முதல் சொட்டு உள்ள போனதும் கண்ணை மூடி கழுத்தை மேல நிமிர்த்துச்சு. அதோட கால்ல அஞ்சு விரல்! (சில்க்கிக்கு அப்படித்தான்.)

முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேணும். அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கணும். தெர்மாமீட்டரை விட குஞ்சுங்களையே நம்பலாம். சூடு தர்ற விளக்குக்குக் கீழ ஒண்டினா குளிருது, ஓரத்துக்கு ஓடினா சூடு தாங்கல, பரவிப் படுத்தா நிம்மதி.

ஒண்ணு மட்டும் மனசை அரிக்குது.
பேண்டம் குஞ்சை பெரும்பாலும் சேவலா பெட்டையானு பிரிக்காமத்தான் அனுப்பறாங்க. பாதி சேவலா இருக்கும். அமெரிக்காவுல பல ஊர்ல சேவல் வளர்க்க அனுமதியே இல்ல. கூவ ஆரம்பிச்சதும் அதுங்க எங்க போகும்?

ஆர்டர் போடறவங்க, முட்டைக்கு முன்னாடி அந்தச் சேவலுங்களுக்கு ஒரு வழி பண்ணி வைங்க.
நீங்க வளர்க்கறீங்கன்னா, என்ன பண்றீங்க? சொல்லுங்க.