பரண்மேல் கிடந்த கித்தார்

எங்கள் பங்கின் பாடகர் குழுவில் அண்மையில் சேர்ந்த என் மகள், சென்ற ஆண்டு உயிர்ப்பு விழா முடிந்த கையோடு, "அப்பா, எனக்கு ஒரு கித்தார் வேண்டும்" என்று கேட்டாள்.

"வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே" என்றேன். அவள் பரணை நிமிர்ந்து பார்த்துவிட்டு மௌனமானாள். அவளுடைய அண்ணனுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கி, ஆறே மாதங்களில் அவன் கைவிட்ட கருவி அது. விரல் நோகிறது என்று அவன் முறையிட்டபோது, "உழைக்க மனமில்லாதவனுக்கு எல்லாமே நோகும்" என்று கடிந்தவன் நான். அதன்பின் அவன் எந்த இசைக்கருவியையும் தொட்டதில்லை.

தூசி தட்டி, அதனைப் பாடகர் குழுவில் நெடுங்காலம் கித்தார் இசைத்துவரும் அன்பரிடம் கொண்டு சென்றேன். அவர் அதைக் கண்ணருகே உயர்த்தி, தலைப்பக்கத்திலிருந்து கழுத்தின் நீளம் முழுவதையும் நோக்கினார். வீணையைப் போலவே கித்தாரின் கழுத்திலும் மெட்டுகள் உண்டு. பன்னிரண்டாம் மெட்டின்மேல் தந்தி நிற்கும் உயரத்தை அளவுகோல் கொண்டு அளந்தார். ஏழு மில்லிமீட்டர்! நைலான் தந்திக் கருவியில் அது மூன்று அல்லது நான்கு இருந்தால் போதுமாம்.

"இதில் எஃகுத் தந்தி பூட்டியது யார்?" என்று கேட்டார்.

நானேதான். நைலான் தந்தி ஒன்று அறுந்தபோது, எஃகு நெடுநாள் உழைக்கும், ஒலியும் உரத்து வரும் என்றெண்ணி ஆறு தந்திகளையும் மாற்றியிருந்தேன். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ விசையில் இழுக்குமாம். எஃகுத் தந்திகளோ 70 கிலோவுக்கும் மேல். எஃகுக்கென்று செய்யப்படும் கித்தாரில் இந்த இழுவையைத் தாங்கப் பலகையின் உட்புறம் வலுவான சட்டங்களும், கழுத்தினுள்ளே ஓர் இரும்புக் கோலும் இருக்கும். நம் கருவியில் அவை இல்லை. கழுத்து வளைந்தது; குதிரை நின்ற பலகை உப்பியது; தந்திகள் மேலெழுந்தன. அவ்வளவு உயரத்திலிருந்து தந்தியை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடும். ஆகவே பையன் சரியான இடத்தில் விரல் வைத்தும் அபசுரமே ஒலித்திருக்கும். அவன் விரல் நொந்தது உண்மை. சோம்பல் என்று நான் சொன்னதுதான் பொய்.

புதிய கருவி வாங்க அந்த அன்பரும் உடன் வந்தார். மகளின் கண்கள் எஃகுத் தந்தி பூட்டிய, பளபளக்கும் பெரிய கித்தாரிலேயே இருந்தன. அவர் நைலான் தந்திக் கருவியை அவள் மடியில் வைத்து, முதல் மெட்டு வரை கை இயல்பாக எட்டுகிறதா என்று பார்த்தார். நைலானுக்குக் கழுத்து சற்று அகலம், ஆதலின் விரலை அதிகம் விரிக்க வேண்டும். ஆனால் நோவு குறைவு. பன்னிரண்டாம் மெட்டுக்கு நேரே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டிய ஒலியும், அங்கேயே அழுத்தி மீட்டிய ஒலியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கேட்டறிந்தார். மெட்டுகளின் ஓரம் உள்ளங்கையைக் கீறுகிறதா என்றும் தடவினார். முதல் இரண்டு கருவிகள் தேறவில்லை. மூன்றாவது, கடையிலேயே மிக எளிய தோற்றமுடையது, தேறியது.

ஆலயத்தில் கித்தார் எதற்கு என்று முணுமுணுக்கும் பெரியவர்கள் எங்கள் பங்கிலும் உண்டு. 'அமைதி இரவு' என்று நாம் பாடும் கிறிஸ்து பிறப்புப் பாடல், 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபர்ண்டார்ஃப் ஆலயத்தில் கித்தாரோடுதான் முதன்முதல் பாடப்பட்டது. மீட்டியவர் ஜோசப் மோர் என்னும் குருவே. வத்திக்கான் சங்கமும் 1963-இல் குழலார்கனைப் போற்றியதோடு, வழிபாட்டுக்குப் பொருந்தும் பிற கருவிகளுக்கும் இடமளித்தது.

விண்ணேற்பு விழா விடுமுறைக்கு மகன் வெளியூரிலிருந்து வந்தான். எஃகுத் தந்தியின் கதையை அவனிடம் சொன்னேன். "தவறு என்னுடையது, தம்பி" என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அவன் சிரித்தான்; பதில் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு செபமாலை முடிந்தபின் திண்ணையிலிருந்து தட்டுத்தடுமாறி இசை கேட்டது. மகள்தான் பழகுகிறாள் என்று நினைத்தேன். அவளோ என்னருகில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.