அங்சானாவின் நீலம்

வானொலியில் தினமும் ஊர்க்கதை பேசும் எனக்கு, எங்கள் புளோக் வாசலில் வெட்டிய மரத்தின் பெயர் தெரியவில்லை. ஊழியரிடம் கேட்டு ஒரு துண்டு வாங்கி வந்தேன். அம்மா அதன் சீவலைத் தம்ளர் நீரில் ஊறவைத்தார். வெயிலில் நீர் நீலமாக மின்னியது.

"பாட்டியோட வேங்கைக் குவளைத் தண்ணியும் இப்படித்தான்டா இருக்கும்."

தேடினேன். அங்சானா, வேங்கையின் பேரினமேதான்!

துண்டை வெயிலில் வைத்தேன், பிளந்துவிட்டது. பச்சை மரத்தைப் பலகைகளாக அறுத்து, முனைகளில் மெழுகு பூசி, நிழலில் மாதக்கணக்கில் உலர்த்த வேண்டுமாம். இங்கே ரோஜர் அண்ட் சன்ஸ் தச்சர்கள், மேம்பாட்டுப் பணிகளுக்காக வெட்டப்படும் மரங்களை அறுத்து உலர்த்தி மேசைகளாக்குகிறார்கள்.

என் துண்டை அம்மா வீசவில்லை. தேக்காவில் வாங்கிய குத்துவிளக்கு இப்போது அதன்மேல் நிற்கிறது. பிளவு சுவர்ப்பக்கம்.