முகம் மாறிய ஊர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் இருக்கிறது காங்கேசன்துறை. நாகப்பட்டினத்திலிருந்து 2023 அக்டோபரில் இத்துறைக்குப் பயணிகள் கப்பல் விடப்பட்டது. இங்கே வருபவர்கள் துறைமுகத்தோடு திரும்பிவிடாமல், பக்கத்து ஊர்கள் இரண்டின் பெயர்க் கதைகளையும் கேட்டு வர வேண்டும்.

ஒன்று கீரிமலை. கடலை ஒட்டியே நன்னீர் ஊறும் கேணி இங்குண்டு. கீரி முகம் கொண்ட நகுல முனிவர் இதில் நீராடி மனித முகம் பெற்றார் என்பர். மற்றொன்று மாவிட்டபுரம். குதிரை முகத்தால் வருந்திய சோழ இளவரசி மாருதப்புரவல்லியும் இதே நீரில் மூழ்கிக் குணமடைந்தாளாம். 'மா' என்றால் குதிரை. அம்முகம் விட்டு நீங்கிய ஊர் மாவிட்டபுரம் ஆயிற்று.

விலங்கு முகம் நீங்குவதே இங்கு பெரும் பேறு. நைஜீரியா, கேமரூன் எல்லையில் வாழும் எக்கோய் மக்களிடமோ இதற்கு நேர்மாறான வழக்கம் உண்டு. மரத்தில் முகம் செதுக்கி, ஊறவைத்த மான்தோலை அதன்மேல் இழுத்துப் போர்த்துவார்கள். தோல் உலர்ந்து இறுகியதும் உயிருள்ள முகம் போலவே இருக்கும். சடங்குகளில் அதை அணிந்து ஆடுவார்கள்.

காங்கேசன்துறையின் முகத்தையோ போர் மாற்றியது. 1990இல் மக்கள் வெளியேறினர். அவர்களது நிலங்கள் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. ஊருக்கு வேலை தந்த சிமெந்து ஆலையும் நின்றது. 2009இல் போர் முடிந்தபின் நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. திரும்பியவர்கள் கண்டது இடிந்த சுவர்களையும் மண்டிய புதர்களையும்தான்.

இந்த ஊருக்குப் பழைய முகத்தை எந்தக் கேணி நீரும் தராது. திரும்பி வந்து அடுப்பு மூட்டும் குடும்பங்களே அதைத் தர முடியும்.