பாஸ்புக்கைப் பார்க்க வேண்டிய பிழை

திங்கள்

பால் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையும் பால் ஊற்றிய கணக்கையும் எக்ஸெலிலிருந்து எஸ்க்யூஎல் சர்வருக்கு ஏற்றும் வேலை. லிட்டர் பத்தியில் 'என்வார்கேரை நியூமெரிக் ஆக்க முடியவில்லை', அதாவது எழுத்தை எண்ணாக்க முடியவில்லை என்று நின்றது. யாரோ '6.5 லி' என்று அடித்திருக்கிறார். இன்னும் சில எண்களின் வாலில் 160-ஆம் குறியீட்டு இடைவெளி. டிரிம் போட்டாலும் போகாது, சப்ஸ்டிட்யூட்டுக்குத்தான் போகும். மதியத்துக்குள் முடிந்தது. நின்று சொல்லும் பிழை நல்ல பிழை.

செவ்வாய்

கதவிலக்கப் பத்தியில் பல இடங்கள் நல், அதாவது வெற்று. எக்ஸெலில் '8ஏ', '15பி' என்று ஒழுங்காக இருக்கின்றன. எக்ஸெலைப் படித்துத் தரும் ஏஸ் டிரைவர் வழக்கமாக முதல் எட்டு வரிகளைப் பார்த்துத்தான் பத்தியின் வகையை ஊகிக்கும். அந்த எட்டிலும் வெறும் எண்களே. அதனால் கீழே வந்த எழுத்தையெல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டது.

அதே பத்தியில் 45363 என்று ஒரு வீடு! 12/3 என்று அடித்ததை எக்ஸெல் 2024 மார்ச் 12 ஆக்கியிருக்கிறது. தேதி தெரிகிறதே என்று பிறகு யாரோ டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாற்ற, 1900 ஜனவரி 1-ஐ ஒன்றாக வைத்து எண்ணும் உள்கணக்கு வெளியே வந்துவிட்டது. இப்படித் தேதியாக்கும் தொல்லையால்தான் 'செப்ட்1' என்ற மனித மரபணுவின் பெயரையே 'செப்டின்1' என்று மாற்றினார்கள்.

புதன்

இன்று கண்டதுதான் பயமுறுத்துகிறது. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்கள் எல்லாமே பூஜ்யத்தில் முடிகின்றன. எக்ஸெல் எண்ணாக வைத்திருப்பது 15 இலக்கம்தான், பதினாறாவதைப் பூஜ்யமாக்கிவிடும். இனி டெக்ஸ்ட் ஆக்கினாலும் போன இலக்கம் திரும்பாது. டேட்டாபேஸும் மறுக்காமல் வாங்கிக்கொண்டது. கறந்து ஊற்றியவருக்குப் பணம் போய்ச் சேராது. கணக்கு எண்ணை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. அதை எண் வகையில் வைப்பதே தவறு.

செயலாளருக்குப் போன் போட்டேன்.

"எல்லாரையும் மறுபடி கேக்கணுமா சார்?"

"16 இலக்கக்காரங்க மட்டும் போதும்ணே. பாஸ்புக் முதல் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

வியாழன்

எல்லாப் பத்தியையும் என்வார்கேராக ஒரு ஸ்டேஜிங் டேபிளில் இறக்கினேன். அங்கிருந்து டிரை_கன்வெர்ட் மூலம் மாற்றுகிறேன். மாறாத வரிகள் தனி டேபிளுக்குப் போகின்றன. கணக்கு எண் வார்கேர் 20, ஐஎஃப்எஸ்சி கேர் 11. பாஸ்புக் படங்கள் வரத் தொடங்கிவிட்டன. கடைசிப் படம் வரும்வரை பட்டுவாடாக் கோப்பு வங்கிக்குப் போகாது.