கல்மண்டபத்திலிருந்து கன்னிமாரா வரை

சென்ற மாதம் ஒரு மாணவி எங்களைத் தேடி வந்தார். காசிமேட்டைச் சேர்ந்தவர். சமூகவியல் முதுகலை இறுதியாண்டு பயில்கிறார். தெருவில் மீன் விற்கும் பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும் என்பது அவர் விருப்பம். அவருடைய ஆயா கூடையில் மீன் சுமந்து விற்றவர். நாங்கள் தமிழ் நடத்துகிறவர்கள்; ஆயினும் இந்தப் பக்கத்து ஆட்கள் என்பதால் எங்களைக் கேட்டால் ஏதேனும் கிடைக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நூலகத்தில் தேடியதில் அவருக்குக் கிடைத்தது எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' மட்டுமே. 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த நூல். அதில் தம் மக்களைப் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு மூடிவைத்துவிட்டாராம். "எங்க ஜனத்தப் பத்தி வேற ஒரு புக்கு கூடவா இல்ல, ஐயா?" என்றார்.

இந்தக் கேள்வியை நாங்களும் கேட்டவர்கள்தாம். பதில் கிடைக்க இரண்டாண்டுகள் ஆயின. அதற்கு ஒரு தகரப்பெட்டியைப் பறிகொடுக்கவும் வேண்டியிருந்தது.

2001ஆம் ஆண்டு நாங்கள் மூவர் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தோம். மூவருக்கும் வீடு கல்மண்டபத்தைச் சுற்றி. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையைக் கடந்துதான் எங்கும் போக வேண்டும். துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் இறங்கிக்கொண்டிருந்த காலம். 2011இல் நீதிமன்றத் தலையீட்டால்தான் அது நின்றது. அதுவரை எங்கள் வீட்டுப் புத்தகங்களைத் திறந்தால் விரலில் கரி ஒட்டும். தமிழ்த்துறைகளில் அன்று 'சமூகவியல் நோக்கில்' என்று தொடங்காத ஆய்வேடு குறைவு. சமூகவியல் நூல் ஒன்றைக்கூடப் புரட்டாமலேயே அந்தத் தலைப்பில் பட்டம் வாங்கியவர்கள் பலர். (நாங்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்க வேண்டியவர்களே.) எங்களில் ஒருவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சங்க இலக்கியத்தில் நெய்தலைச் சமூகவியல் நோக்கில் ஆராயப் போவதாக மகன் சொன்னபோது அவர் கேட்டார்: "நெய்தல்னா கடல்தானே? இதோ இருக்கிற கடல எழுதக் கூடாதா?" அதற்குப் பிறகு நெய்தலைப் பற்றிப் பேசவே கூச்சமாயிருந்தது. துறைமுகத் தொழிலாளர் வாழ்வும் அதைப் பற்றிய எழுத்துகளும் என்று தலைப்பை மாற்றினோம்.

முதலில் போனது பக்கத்துக் கிளை நூலகத்துக்கு. நாவல்கள் இருந்தன, போட்டித் தேர்வு நூல்கள் இருந்தன, நாளிதழ் படிக்க வரும் முதியவர்கள் இருந்தார்கள். சமூகவியல் என்று கேட்டதற்கு நூலகர் காட்டிய அலமாரியில் குடும்பநலம் பற்றிய இரண்டு புத்தகங்கள் நின்றன. அவரைக் குறை சொல்வதற்கில்லை. 1948இல் நாட்டிலேயே முன்னோடியாகப் பொதுநூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற கணித ஆசிரியர் அவர். அவர் வகுத்த கோலன் பகுப்புமுறையில் சமூகவியலுக்கு 'ஒய்' என்று ஓர் எழுத்தையே ஒதுக்கினார். எழுத்து இருக்கிறது, அதன் கீழே வைக்கத் தமிழில் புத்தகம் எத்தனை என்பதே கேள்வி.

அடுத்துச் சென்றது லிங்கிச் செட்டித் தெரு. மறைமலையடிகள் நூலகம் அப்போது அங்கேதான் இருந்தது. 2008இல்தான் கன்னிமாரா வளாகத்துக்கு இடம் மாறியது. எங்களுக்கு நடை தூரம். சமூகவியல் தேடப் போன எங்களுக்கு அங்கே கைக்குக் கிடைத்தது திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகள். 1944இல் வெளிவந்த தன்வரலாறு. தமிழ் மாணவர் எல்லோரும் பெயர் தெரிந்து வைத்திருக்கும் நூல்தான். அதிலுள்ள தொழிலாளர் இயக்கப் பகுதியைப் படித்தவர் அரியர். பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், பெரம்பூர் பின்னி ஆலைகளின் வேலைநிறுத்தங்களும் அதில் உள்ளிருந்தவரின் சொல்லாக வருகின்றன. நூலகப் பட்டியலில் அது 'வாழ்க்கை வரலாறு'. 'ஒய்' எழுத்தின் கீழ் ஆயுள் முழுதும் தேடினாலும் அது அகப்படாது. தமிழில் சமூகவியல் பெரும்பாலும் வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது: தன்வரலாறு, சங்க மலர், சிறுபிரசுரம், குஜிலிக் கடைக் காலணாப் பாட்டுப் புத்தகம். இந்தக் கடைசி வகையில் விபத்தும் கொலையும் புயலும் வேலைநிறுத்தமும் சுடச்சுடப் பாட்டாயின. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' 2004இல்தான் வந்தது. மூன்றாண்டு முன்னால் வந்திருந்தால் எங்கள் செருப்பு சற்றுக் குறைவாகத் தேய்ந்திருக்கும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அன்று முகப்பேரில் இயங்கியது. கல்மண்டபத்திலிருந்து அது வெளியூர்ப் பயணம் போலத்தான்.

நிற்க. ஒரு நூலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் அந்த ஆண்டுதான் கற்றோம். 1921 பின்னி வேலைநிறுத்தம் புளியந்தோப்புக் கலவரத்தில் போய் முடிந்த கதை. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பலர் வேலைக்குத் திரும்பினர், சேரிகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. சங்கத்தார் எழுதியதைப் படித்தால் அது முதலாளிகளின் பிரித்தாளும் சூழ்ச்சி. எம்.சி. ராஜா போன்றோரின் பக்கம் நின்று பார்த்தால், ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடந்த தொழிலாளர் வர்க்கத்தின் உண்மை முகம். ஒன்று தமிழ்ப் புத்தகத்தில் கிடைக்கிறது, மற்றதற்குச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் வரை ஆங்கிலத்தில் போக வேண்டும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் படித்தது அந்தக் குறிப்புகளைத்தான். அவற்றைப் பார்க்கப் போன ஓரிடத்தில் துறைத்தலைவர் கடிதம் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். கடிதத்தோடு போனபோது முத்திரை சரியில்லை என்றார்கள். மூன்றாம் முறை, பெரியவர் ஒருவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம்பா நீங்க?" என்று கேட்டார். ராயபுரம் என்றோம். தாமும் தண்டையார்பேட்டை என்று சொல்லி உள்ளே அழைத்துப் போனார். ஆய்வுக்கு அந்த முத்திரைதான் செல்லுபடியானது.

ராயபுரத்தில் ரயிலேறி, கடற்கரை நிலையத்தில் மாறி எழும்பூரில் இறங்கினால் கன்னிமாரா. 1896இல் திறக்கப்பட்ட நூலகம். 1954 சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களில் ஒரு படி வந்து சேர வேண்டிய நான்கு இடங்களில் ஒன்று. ஒட்டியிருப்பது அருங்காட்சியகம். தர்ஸ்டன் அதன் கண்காணிப்பாளராக இருந்தவர். மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து குறித்தவர். இன்று அந்த மாணவி மூடிவைத்த நூல் அந்த அளவுகோலிலிருந்து பிறந்ததே. அதே வளாகத்தில்தான் எங்களுக்கு வேறு வகை எழுத்தும் கிடைத்தது. விட்லி தலைமையில் 1929இல் அமைந்த தொழிலாளர் பற்றிய அரச ஆணையத்தின் சாட்சியத் தொகுதிகள், 1961 கணக்கெடுப்பை ஒட்டிச் சென்னைக் குடிசைப் பகுதிகளைப் பற்றி வந்த அறிக்கை, பால் வீபே 1975இல் எழுதிய சென்னைக் குடிசைப்பகுதி பற்றிய நூல். வாடகை எவ்வளவு, கடன் எவ்வளவு, ஓர் அறையில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிய எழுத்து. அன்பில்லாத எழுத்துதான். ஆனால் மூக்கை அளப்பதைவிட வாடகையைக் கேட்பது மரியாதையான காரியம் என்று எங்களுக்குத் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

கண்பார்வையை இழந்த நிலையிலும் இதே தொழிலாளர் வரலாற்றை ஆராய்ந்த திலீப் வீரராகவன் என்ற பேராசிரியர் சென்னை ஐ.ஐ.டி.யில் இருந்தார் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. அவர் மறைந்தது 2009இல். அந்த ஆய்வு நூலாக வந்தது 2013இல். ஒரே நகரத்தில் ஒரே காகிதங்களைத் தேடியவர்கள். கண் இருந்தும் நாங்கள் முத்திரைக்கு அலைந்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாயிருக்கிறது.

இவ்வளவும் சுற்றிய பிறகே நண்பரின் அப்பா கட்டிலுக்கடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்தார். சங்கத் துண்டறிக்கைகள், போனஸ் கணக்கு, நுழைவுச் சீட்டுகள், ஒரு பழைய நாட்குறிப்பில் நாள்தோறும் தூக்கிய மூட்டைகளின் எண்ணிக்கை. எண்களுக்கு நடுவே "முதுகு வலி", "மழை, வேலை இல்லை". அவ்வளவுதான் அவர் எழுத்து. முன்பே ஏன் காட்டவில்லை என்று கேட்டோம். "நீங்க புக்கு தேடுறீங்கன்னு நினைச்சேன்" என்றார். கையில் இருந்த காசுக்குப் பதினோரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்தோம். மீதியைப் பிறகு எடுக்கலாம் என்று வைத்துவிட்டோம். ஆய்வேடு முடிந்து பட்டம் வாங்கி, மூவரும் வேலை தேடி வெவ்வேறு ஊர்களில் இருந்தபோது அப்பா காலமானார். வீடு மாற்றும் அவசரத்தில் பெட்டியிலிருந்தவை எடைக்குப் போய்விட்டன. எந்தக் கடை என்று கேட்டு வண்ணாரப்பேட்டை முழுதும் நண்பர் இரண்டு நாள் அலைந்தார். காகிதம் அதற்குள் லாரி ஏறியிருந்தது. அவரை நாங்கள் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்க வேண்டியது எங்கள் மூவரையும்தான்.

மாணவியிடம் இதையெல்லாம் சொன்னோம். இன்று அவருக்கு வசதிகள் உண்டு. பழைய கணக்கெடுப்பு அறிக்கைகள் இணையத்தில் கிடைக்கின்றன, தமிழ் மின்னூலகம் இருக்கிறது, பிற பல்கலைக்கழக ஆய்வேடுகளை சோத்கங்காவில் படிக்கலாம். எங்கே தேடுவது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். தர்ஸ்டனையும் மீண்டும் திறக்கச் சொன்னோம், கோபத்தோடாவது. பிறகு அந்தப் பதினோரு பக்கங்களைக் காட்டினோம். கைப்பேசியில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டார்.

"எங்க ஆயா ஒரு கணக்கு நோட்டு வச்சிருந்தாங்க, ஐயா. யார் யார் கடன் பாக்கின்னு" என்றார். எங்கே இருக்கிறது என்று கேட்டோம். தெரியவில்லை, அத்தை வீட்டில் இருக்கலாம் என்றார். அத்தை வீடு எண்ணூரில். மணி நான்கரை. இப்போதே போங்கள் அம்மா என்று அனுப்பிவைத்தோம்.