மூன்று சென்ரிமீற்றர்

நாங்கள் மூன்று பேரும் கலைப்பீடம். மூன்று பேருக்கும் சாதாரண தரத்தில் கணிதம் ‘சி’. விஞ்ஞானத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனாலும் போன வருடம் முழுக்க எங்கட போர்டிங் அறையில் ஒரு உப்புத்தண்ணி மீன்தொட்டி ஓடியது. அதற்கான ஓவர்ஃப்ளோ பெட்டியை நாங்களே கண்ணாடி ஒட்டிச் செய்தோம். அதைப் பார்க்க வந்த பெடியள் எல்லாரும் ‘ஆர் செய்து தந்தது?’ எண்டுதான் கேட்டவை. அதற்காகவே எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்தோம். பிறகு ஒரு இரவு நடந்ததோடு அந்த ஆசை போய்விட்டது. இப்போது எழுதுவது வேறு காரணத்துக்காக.

தொட்டி அன்ரியின் கணவருடையது. திருநெல்வேலியில் அன்ரியின் வீட்டுப் பின்னறையில்தான் நாங்கள் இருக்கிறோம். அவர் சமூகக்கல்வி படிப்பித்த ஆசிரியர். கப்பி மீன் வளர்த்தாராம். அவர் காலமான பிறகு தொட்டிக்குள் பழைய பேப்பரும் தேங்காய் துருவுற அலகும் கிடந்தன. கழுவித் தாறோம், மீன் விடட்டோ எண்டு கேட்டோம். ‘விடுங்கோ பிள்ளையள், ஆனா நாத்தம் வரக்கூடாது’ என்றா.

உப்புத்தண்ணி என்பது எங்களில் பேசாலைக்காரியின் பிடிவாதம். கடலில்லாத மீனெல்லாம் அவளுக்கு மீனே இல்லை.

தொட்டி 3 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரம். ஏறத்தாழ 190 லீற்றர். உப்புத்தண்ணி மீன் வளர்க்கிற ஆக்கள் மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு தொட்டி வைப்பார்கள். வடிகட்டி, மோட்டர் எல்லாம் கீழே. மேலே மீன் மட்டும். மேல்தொட்டியில் தண்ணி கூடினால் அது தானாகக் கீழே வழிய வேண்டும். அப்படி வழியும்போது மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப்படலமும் அதோடு போய்விடும், காற்றும் தண்ணியில் நல்லாய்க் கலக்கும். இதற்குக் கண்ணாடியில் துளை போடுவதுதான் சரியான வழி. கண்ணாடிக் கடை அண்ணை தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘பழைய கண்ணாடி, வெடிச்சா நான் பொறுப்பில்லை’ என்றார். அது அன்ரியின் தொட்டி. வெடிக்கப் பார்க்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

துளை போடாமல் செய்கிற வழிதான் தொங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி. தொட்டிக்கு உள்ளே ஒரு சின்னப் பெட்டி, வெளியே ஒன்று. இரண்டையும் விளிம்புக்கு மேலால் வளைந்து போகும் ஒரு ரியூப் இணைக்கும். ரியூப் நிறையத் தண்ணி இருந்தால் இரண்டு பெட்டியிலும் தண்ணி ஒரே மட்டத்துக்கு வரப் பார்க்கும். உள்பெட்டியின் மேல்விளிம்பு சீப்புப் பல்லு மாதிரி. அதற்கு மேல் வரும் தண்ணிதான் உள்ளே விழும். வெளிப்பெட்டியில் ஒரு பைப் நிமிர்ந்து நிற்கும், அதன் வாய்க்கு மேல் வருவது கீழ்த்தொட்டிக்கு இறங்கும். இதில் நல்ல விசயம், கரண்ட் போய் மோட்டர் நின்றாலும் பெட்டிகள் வத்தாது. தண்ணி பைப்பின் வாய் மட்டத்துக்கு இறங்கி நின்றுவிடும், ரியூப்பின் இரண்டு நுனியும் தண்ணிக்குள்தான். கரண்ட் வந்ததும் தானாகவே ஓடத் தொடங்கும்.

கண்ணாடியை 5 மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டுவித்தோம். பூஞ்சணத்துக்கு மருந்து கலக்காத சிலிக்கன் கேட்டு நாலு ஹாட்வெயார் ஏறி இறங்கினோம். ஒரு கடையில், ‘தங்கச்சி, என்ன வேணுமெண்டு தெரியாட்டி அண்ணாவை வரச்சொல்லுங்கோ’ என்றார்கள். தெரிந்துதான் கேட்டோம். ஒட்டி இரண்டு நாள் காயவிட்டு, காங்கேசன்துறையில் இருந்து ஓட்டோவில் கானில் கடல்தண்ணி கொண்டுவந்து நிரப்பினோம். ரியூப்பால் தண்ணியை உறிஞ்சி இழுத்தவளுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

ஓடியது. ஆனால் சத்தம்! கக்கூஸில் தண்ணி இழுத்துவிட்ட மாதிரி நிமிசத்துக்கு ஒருதரம் ஒரு உறிஞ்சல். பரீட்சைக் காலம் வேறு. நிமிர்ந்த பைப் காற்றையும் தண்ணியையும் மாறிமாறி இழுப்பதால் வரும் சத்தம் அது. பைப்பின் தலையில் ‘ரீ’ ஒன்று போட்டு, வாயைத் தண்ணிக்குள் கவிழ்த்து, மேல்மூடியில் காற்றுக்கு ஒரு துளை இட வேண்டும். துளை சின்னனாய் இருந்தால் உறிஞ்சும், பெரிசாய் இருந்தால் கொட்டும். ஊசியைச் சூடாக்கிக் குத்தி, கொஞ்சம் கொஞ்சமாய்ப் பெருப்பித்தோம். மூன்றாம் நாள் இரவு ஒரு கட்டத்தில் சத்தம் சட்டென்று நின்றது. நாங்கள் மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் இருந்து அந்த அமைதியைக் கேட்டோம். பட்டம் கிடைத்தாலும் அப்படிச் சந்தோசம் வருமோ தெரியாது.

கரண்ட் கட்டுக்கு நல்லாய்ப் பயந்திருந்தோம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை இருட்டில் இருந்த ஆக்கள் நாங்கள். அதனால் சுவிட்ச்சை நிறுத்திப் போட்டு எத்தனையோ தரம் சோதித்தோம். மேலே திரும்பும் பைப்பால் தண்ணி பின்னோக்கி இறங்காமல் இருக்க, தண்ணி மட்டத்துக்குச் சற்றுக் கீழே அதில் ஒரு சின்னத் துளையும் போட்டோம். ஒவ்வொரு தரமும் எல்லாம் நின்று, எல்லாம் தானாய்த் தொடங்கியது. இரண்டு கோமாளி மீனும், சங்குக்குள் குடியிருக்கிற ஒரு நண்டும் வாங்கி விட்டோம். பவளம் வைக்கவில்லை. கடலில் இருந்து உயிர்ப்பவளம் எடுப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம்.

பிழைத்தது கரண்ட் இருந்த ஒரு இரவில்.

எங்கட ரியூப் ஒன்றரை இஞ்சி. பெரிசாய்ப் போட்டால் பாதுகாப்பு என்று நினைத்தோம். எங்கட மோட்டரோ சின்னது. அகலமான ரியூப்பில் தண்ணி ஆறுதலாய்த்தான் போகும். அந்த வேகத்தால் காற்றுக்குமிழைத் தள்ளிக்கொண்டு போக ஏலாது. குமிழ் ஒவ்வொன்றாய் வளைவின் உச்சியில் சேர்ந்தது. கிழமைக்கணக்காய்ச் சேர்ந்திருக்க வேண்டும், நாங்கள் அண்ணாந்து பார்க்கவில்லை. அன்று இரவு அது ரியூப்பை முழுக்க மறித்தது. தண்ணி கீழே இறங்கவில்லை. மோட்டர் மட்டும் மேலே தள்ளிக்கொண்டே இருந்தது.

கணக்கு இவ்வளவுதான். தொட்டியின் நீளம் 90 சென்ரிமீற்றர், அகலம் 45. ஒரு சென்ரிமீற்றர் உயர ஏறத்தாழ 4 லீற்றர் வேண்டும். தண்ணி மட்டத்துக்கும் விளிம்புக்கும் இடையில் நாங்கள் விட்டது 3 சென்ரிமீற்றர், அதாவது 12 லீற்றருக்கு இடம். கீழே மோட்டர் இருக்கும் அறையில் இருந்தது 25 லீற்றர். ஆவியாகிற தண்ணியை ஒவ்வொரு நாளும் ஊத்தப் பஞ்சிப்பட்டு, ஒரேயடியாய் நிரப்பி வைத்திருந்தோம். மிச்சம் 13 லீற்றர் நிலத்தில். ‘சி’ எடுத்தவைக்கும் வரக்கூடிய கணக்கு, முதலே போட்டிருந்தால்.

தண்ணி இல்லாமல் மோட்டர் அலறிய சத்தத்தில்தான் எழும்பினோம். கால் வைத்தால் தண்ணி. கட்டிலுக்குக் கீழே அன்ரியின் மூன்று அட்டைப்பெட்டிகள் இருந்தன. சேரின் புத்தகங்களும் கொப்பிகளும். வீட்டிலேயே மழைக்கு ஒழுகாத அறை எங்கடதுதான் என்று அன்ரி அங்கே வைத்திருந்தா.

விடியும்வரை சொல்லவில்லை. எழுதக் கஷ்டமாய் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் செய்தோம். இரகசியமாய்த் துடைத்து, காற்றாடிக்குக் கீழே விரித்து வைத்தோம், காலைக்குள் காய்ந்துவிடும் என்ற நம்பிக்கையில். அன்ரி தேத்தண்ணியோடு கதவைத் திறந்தபோது அறை முழுக்கக் கொப்பி. ஏசவில்லை. ‘மேசையில தூக்கி வைச்சிருக்கலாமே பிள்ளையள்’ என்று மட்டும் சொன்னா. தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனா.

பத்து நாள் காற்றாடி ஓடியும் தாள்கள் காயவில்லை. பகலில் மொறுமொறுப்பாய் இருக்கும், பின்னேரம் தொட்டால் ஒட்டும். ஓரங்களில் வெள்ளையாய்ப் பொரிந்திருந்தது. பேசாலைக்காரி தாய்க்குப் போன் எடுத்தாள். ‘உப்புத்தண்ணி பட்டது நல்ல தண்ணியில அலசாமல் காயாதடி. உப்பு காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சீலையெண்டாலும் அப்பிடித்தான், கடதாசியெண்டாலும் அப்பிடித்தான்.’

அப்ப, பாதி காய்ந்த புத்தகங்களைத் திரும்ப நனைக்க வேண்டும். அதை அன்ரியிடம் போய்ச் சொல்வது முதல்நாளைவிட மோசமாக இருந்தது. அவ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பெரிய அலுமினியச் சட்டியை எடுத்துத் தந்தா. மழைத்தண்ணியில் ஒவ்வொன்றாய் அமிழ்த்தி, தண்ணி மாற்றி, தாளுக்குத் தாள் வெள்ளைக் கடதாசி வைத்து நிழலில் உலர்த்தினோம். அச்சுப் புத்தகங்கள் வீங்கினாலும் தப்பின. பேனையால் எழுதின கொப்பிகளில் போல்பொயின்ற் நின்றது.

ஒரு கொப்பி மை ஊற்றுகிற பேனையால் எழுதினது. கலியாணம் முடித்த புதிதில் சேர் எழுதின வீட்டுக் கணக்கு. அலசினால் மை போகும், அலசாவிட்டால் உப்பு நிற்கும். நாங்கள் சட்டிக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு நின்றோம். அன்ரி கைநீட்டி வாங்கினா. ‘இதை நனைக்க வேண்டாம்.’

தொட்டி இப்பவும் ஓடுகிறது. நாங்கள் நிறுத்தப் பார்த்தபோது அன்ரிதான் மறித்தா, மீன் என்ன பாவம் செய்தது என்று. ரியூப்பை முக்கால் இஞ்சிக்கு மாற்றினோம், இப்போது தண்ணி குமிழை அடித்துக்கொண்டு போகிறது. வளைவின் உச்சியில் ஒரு மெல்லிய காற்றுக்குழாய் செருகி மோட்டரின் காற்றிழுக்கும் துளையில் மாட்டினோம். சேர்கிற காற்றை அது உறிஞ்சி எடுக்கும். கீழே மோட்டர் அறையில் 10 லீற்றருக்கு மேல் வைப்பதில்லை, நகப்பூச்சால் கோடு போட்டிருக்கிறோம். தண்ணி ஊத்துவதற்கு முறை வைத்திருக்கிறோம். முறை தவறினால் அன்ரி ஊத்துகிறா, எங்களுக்குச் சொல்லாமல்.

அந்தக் கொப்பி சாமியறை அலமாரியில் இருக்கிறது. மார்கழி மழை தொடங்கியதும் திரும்ப ஈரலித்துவிட்டதாம். வெயில் வந்த ஒரு நாள் அன்ரி அதை முற்றத்துக் கதிரையில் விரித்து வைத்துவிட்டு, காகம் வராமல் பக்கத்தில் இருந்தா. அரிசி, சீனி, மண்ணெண்ணெய், ஒரு சோடி செருப்பு. நாங்கள் வாசித்துக் காட்டினோம்.