கொசுக்காது

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. பெயர் தெரியாத பொருளுக்கெல்லாம் தானே பெயர் வைப்பாள். குடைக்கு ‘மழைக்கம்பு’, மூக்குத்திக்கு ‘மூக்குத்தோடு’, தலையணை உறைக்குத் ‘தலையணைச் சட்டை’. கேட்டுக் கேட்டுச் சிரிப்போம்.

ஒரு தடவை சளி பிடித்த நாலாம் நாள், “அம்மா, எனக்குக் கொசுக்காது” என்றாள். கொசு கடித்திருக்கும் என்று காது மடலில் தேங்காயெண்ணெய் தடவிப் படுக்க வைத்துவிட்டேன். நடு ராத்திரி ஜுரம் அனலாய்க் கொதித்தது. காதைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை.

மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, “நடுக்காதில் சீழ் கட்டியிருக்கிறது. தொண்டைக்கும் காதுக்கும் நடுவே உள்ள குழாய் குழந்தைகளுக்குக் குட்டை. சளி பிடித்தால் சுலபமாக அடைத்துக்கொள்ளும்” என்றார். மருந்தில் குணமாயிற்று.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பால்சோறு என்றால் சோறு; மழைக்கம்பு என்றால் கம்பு. கடைசி வார்த்தைதானே விஷயம்! அவள் கொசுவைச் சொல்லவில்லை. கொசு மாதிரி ‘ஙொய்’யென்று இரையும் காதைச் சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் புரியவில்லை.

குழந்தை புதுசாக ஒரு வார்த்தை சொன்னால் தாராளமாகச் சிரியுங்கள். கூடவே, “எங்கே, காட்டு” என்றும் கேட்டுவிடுங்கள், சகோதரிகளே!